கடைசி நாளில் மட்டும் நினைவுக்கு வரும் வன்னி

ஓகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில், ஏ-9 வீதியோரமாக மாலைப் பொழுதில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாது காணலாம். பயணப்பொதிகளைக் கூரைவரை அடுக்கிய வான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி ஓடும். இரவோடிரவாகக் கட்டுநாயக்காவை அடைந்து விமானத்தைப் பிடிக்கவேண்டிய அவசரம் அவற்றுக்கு. உள்ளே இருப்பவர்கள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் திரும்பிச் செல்லும் நம்மவர்கள். விடுமுறை முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது.

அவர்களுடைய விடுமுறையின் கடைசி நாளைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. வருகின்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பக்கம் பக்கமாகப் படங்கள் போடுகின்றன. புறப்படுகின்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால், முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டிய பத்திரிகைத் தொழிலில் நான் கண்டறிந்த ஓர் உண்மை உண்டு. புலம்பெயர்ந்தவர்களுக்கும் வன்னி மண்ணுக்கும் இடையிலுள்ள உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியவேண்டுமானால், வந்திறங்கும் நாளைப் பார்த்துப் பயனில்லை. புறப்படும் நாளைத்தான் பார்க்கவேண்டும்.

சொந்த ஊரே அந்நிய நகரமான கதை

கிளிநொச்சி பழைய நகரமல்ல. 1930களில் குடியேற்றத் திட்டங்களோடு உருவாகத் தொடங்கிய ஊர். இரணைமடுக் குளத்து நீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்றவர்கள் வந்து காடு வெட்டிக் கழனியாக்கினார்கள். பின்னர் இனவன்முறைகளால் விரட்டப்பட்ட மலையகத் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். 1984இல்தான் அது தனி மாவட்டமாகியது. முல்லைத்தீவு மாவட்டமும் 1978இல் உருவானதுதான். ஆகவே வன்னியில் இன்று முதுமையடைந்திருக்கும் தலைமுறையிற் பலர், தாமே வெட்டிய காட்டில், தாமே கட்டிய வரம்பில் வாழ்ந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காணி பற்றிப் பின்னால் சொல்லவிருப்பதற்கு இது தேவைப்படும்.

இந்த ஊர் அந்நிய நகரமாகத் தோன்றிய காலம் ஒன்றும் இருந்தது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, புலம்பெயர்ந்தவர்கள் முதன்முறையாகத் திரளாக வந்தார்கள். ஓமந்தையில் இராணுவச் சோதனை. சூனியப் பிரதேசத்தைக் கடந்தால் விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி, பதிவு, வரி. அங்கே மணிக்கூட்டையும் அரைமணி நேரம் பின்னே திருப்பவேண்டும். 1996இல் இலங்கை அரசு நாட்டின் நேரத்தை மாற்றியபோது புலிகள் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். வவுனியாவில் பத்து மணியென்றால் கிளிநொச்சியில் ஒன்பதரை. ஒரே தீவில், ஒரே வீதியில், இரண்டு நேரங்கள்.

2006 ஏப்ரலில் கொழும்பு தன் கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பியது. இரண்டு நேரங்களும் ஒன்றாகின. நான்கு மாதங்களில், அதே ஆண்டு ஓகஸ்டில், வீதி மூடப்பட்டது. கடிகாரங்கள் ஒத்துப்போன ஆண்டிலேயே பாதை அறுந்துபோனதை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த நான்கு ஆண்டுகளில் வந்துபோனவர்கள் பலர், தம் தாய் தந்தையரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அன்று அது கடைசி என்று அவர்களுக்குத் தெரியாது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. எஞ்சிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

போருக்குப் பிறகும் பாதை இலகுவாகத் திறக்கவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டியிருந்தது. 2011இல் நீக்கப்பட்ட அந்த நடைமுறை 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்து, 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே மறுபடி நீங்கியது. புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இன்று எவரும் எவரிடமும் அனுமதி கேட்காமல் வரலாம். ஆனால் எப்படி வருகிறார்கள்? பிறந்த இடம் கிளிநொச்சி என்று அச்சிடப்பட்ட பிரித்தானியக் கடவுச்சீட்டோடு, வெளிநாட்டார் வரிசையில் நின்று, சுற்றுலா விசாவில் வருகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் உல்லாசப் பயணிகள்.

சட்டம் அப்படிச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நாமும் அப்படியே நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டோமா என்பதுதான் என் கேள்வி.

மூன்று வாரத்தில் ஒரு நாள்

வருகிறவர்களின் நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் கொழும்பில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ கழியும். பிறகு யாழ்ப்பாணம். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. தேருக்கும் தீர்த்தத்துக்கும் நிற்கவேண்டும். நயினாதீவு, கசூரினா கடற்கரை, கீரிமலை. இடையில் ஒரு திருமணம், ஒரு சாமத்தியச் சடங்கு. பின்னர் பிள்ளைகளுக்காகத் திருகோணமலை, சீகிரியா, நுவரெலியா. சிலர் பலாலியிலிருந்து சென்னைக்கும் ஓர் எட்டுப் போய்ப் புடைவை எடுத்து வருவார்கள்.

வன்னி எங்கே? அது வழியில் இருக்கிறது. முறிகண்டியில் வான் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறுவார்கள். பெற்றோர் வன்னியில் இருப்பவர்களும், வளவு வன்னியில் இருப்பவர்களும்கூட, பெரும்பாலும் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். திரும்பும் வழிதானே, போகும்போது இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு. இப்படித்தான் விடுமுறையின் கடைசி நாள் வன்னிக்கு உரியதாகிறது. அந்த நாளிலும் பாதி, பொதி கட்டுவதில் போய்விடும்.

கடைசி நாள் எப்படிக் கழியும் என்பதை வன்னியில் வாழும் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். காலையில் மிளகாய்த்தூள் வறுத்து இடிக்கும் வாசனை தெருவுக்கு வரும். ஒடியல்மா, புழுக்கொடியல், பனங்கட்டி, கருவாடு, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் எல்லாம் தராசில் ஏறி இறங்கும். ஒரு பொதி 23 கிலோவைத் தாண்டக்கூடாது. மதியம் கோழியடித்துச் சமையல். பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மாமரத்தடியில். பின்னேரம் உறவினரும் அயலவரும் ஒவ்வொருவராக வருவார்கள். கடிதவுறைகள் கைமாறும். எல்லாரும் முற்றத்தில் நின்று படம் எடுப்பார்கள். வான்காரர் ஹோர்ன் அடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார்.

அந்த அரை மணி நேரத்தில்தான், வாசலடியில் நின்றபடி, உண்மையில் பேசவேண்டிய விடயங்கள் வெளியே வரும். வளவின் பேமிற் யார் பெயரில் இருக்கிறது? அப்புவுக்குக் கண் தெரியவில்லையாமே, யார் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவது? காணாமற்போன தம்பியின் பெயரைப் பதிந்த துண்டு எங்கே? அடுத்த காணிக்காரன் வேலியை நகர்த்திவிட்டானே, என்ன செய்வது? இப்படி நான்கைந்து கேள்விகள். அவற்றுக்கு ஒரே பதில்தான் எல்லா வாசல்களிலும் கேட்கும். "அடுத்தமுறை வரேக்க பாப்பம்."

இந்தக் கட்டுரை அந்த மூன்று சொற்களுக்கு எதிரானது.

அடுத்தமுறை என்று ஒன்று இருக்குமா?

காணியிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான காணிகள் உறுதிக்காணிகள். தோம்பும் நொத்தாரிசும் பரம்பரையும் உண்டு. வன்னியில் நிலைமை வேறு. இங்குள்ள குடியேற்றக் காணிகளிற் பெரும்பகுதி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கியவை. மக்கள் பேச்சில் பேமிற் காணி. உத்தரவுப்பத்திரம், பிறகு அளிப்புப்பத்திரம் என்று படிகள் உண்டு. குடியிருந்து பயிர்செய்வதே அதன் அடிப்படை நிபந்தனை. நினைத்தவுடன் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. உரித்தாளர் உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியவேண்டும். பதியாமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணையே வாரிசைத் தீர்மானிக்கும். 2022 வரை அந்த அட்டவணை மூத்த ஆண்மகனுக்கே முதலிடம் கொடுத்தது. பெண் பிள்ளைகள் பின்னுக்கு நின்றார்கள். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்த ஆண் பெண் பாகுபாட்டை நீக்கியது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அக்கராயன் பக்கத்தில் இருந்தது. தந்தையார் இளைஞராக வந்து காடு வெட்டியவர். நான்கு பிள்ளைகள், நான்கு நாடுகளில். மனைவி போர்க்காலத்தில் இறந்துபோனார். கடைசிப் பத்தாண்டுகள் அவருக்குச் சோறு போட்டு, குளிக்கவார்த்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்றது அவருடைய தங்கையின் மகள். போரில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அந்த வளவின் பின்பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர். தங்கையின் பிள்ளையையும் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு. நான்கு பிள்ளைகளுக்கும் அதில் மறுப்பிருக்கவில்லை என்பதுதான் துயரம். "மச்சாள்தானே பாக்கிறா, அவவுக்கே எழுதிவிடுங்கோ அப்பா" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொன்னது தத்தம் விடுமுறையின் கடைசி நாளில். ஒருவர் வந்தபோது அன்று சனிக்கிழமை, செயலகம் பூட்டு. இன்னொருவர் வந்தபோது போயா விடுமுறை. மூன்றாமவர் வந்தபோது முதியவரின் அடையாள அட்டை தேடக் கிடைக்கவில்லை. அடுத்தமுறை வரேக்க பாப்பம்.

முதியவர் இறந்துவிட்டார். சட்டத்தின் அட்டவணைப்படி உரித்து மூத்தவருக்குப் போகிறது. அவர் குறித்த காலத்துக்குள் வந்து காணியில் உடைமையேற்கவேண்டும். அவரோ வேறொரு நாட்டின் பிரஜை, இதயநோயாளி. மச்சாள் இன்றும் அந்த வளவில்தான் இருக்கிறார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வீட்டுத்திட்டம் வந்தாலும் காணிப்பத்திரம் இல்லாதவருக்கு வீடு இல்லை. ஒருவரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. அரை நாள் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமென்று எண்ணவேண்டாம். அண்மைக்கால நிகழ்வொன்றை நினைவுபடுத்துகிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி அரசு ஒரு வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளுக்கு, உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் அதை நிரூபிக்கவேண்டும், தவறினால் அவை அரச காணிகளாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். பத்திரங்களை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், உரித்தாளர் கடல்கடந்து வாழும் குடும்பங்களும் மூன்று மாதத்தில் எதை நிரூபிப்பது? கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இம்முறை தப்பினோம். அந்த மூன்று மாதங்களும் ஓகஸ்ட் விடுமுறைக்கு முன்னரே முடிந்துபோகும்படி அமைந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். அரசுகள் நம்முடைய விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை.

காடும் காத்திருப்பதில்லை. வன்னியில் ஒரு வயலைப் பத்தாண்டு உழாமல் விட்டால் அதில் மரம் நிற்கும். போர் முடிந்து திரும்பியவர்கள், தம் பழைய வயல்களிலும் மேட்டுநிலங்களிலும் வனத்திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டதாக முறையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்காக 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாமின் வாசலில் இரவும் பகலும் அமர்ந்தார்கள். பிலக்குடியிருப்புப் பகுதி ஒரு மாதத்தில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஊரில் இருந்தவர்கள், பத்திரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு வாசலில் அமர முடிந்தவர்கள், அவர்கள். வெளிநாட்டில் இருப்பவருடைய காணிக்காக யார் அமர்வது?

போர்க்காலத்தில் தம் நிலத்துக்கு வரமுடியாமல் இருந்தவர்களின் உரிமை, வேறொருவரின் நீண்டகால ஆட்சியால் இல்லாமற்போகக்கூடாது என்பதற்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம்கூட இயற்றப்பட்டது. அதற்கு இரண்டாண்டு அவகாசம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் இரண்டு ஓகஸ்ட் மாதங்கள் வந்துபோயின. வான்கள் வழமைபோல வந்து, வழமைபோலத் திரும்பின.

நீர்த்தாங்கி முன்னால் நின்று

இன்னொரு விடயம், கொஞ்சம் கசப்பானது. போர் முடிந்த முதல் ஆண்டுகளில் தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வன்னிக்கு வந்தார்கள். தகர்ந்து விழுந்துகிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கி, புதுக்குடியிருப்புப் பகுதியின் பதுங்குகுழிகள், வெற்றிச் சின்னங்கள் எல்லாவற்றையும் சுற்றிப்பார்த்துப் படமெடுத்துச் சென்றார்கள். நீர்த்தாங்கியின் அருகில் நினைவுப்பொருட் கடை வேறு இருந்தது. மக்கள் இன்னமும் தறப்பாள் கூடாரங்களில் இருக்க, அந்த மண்ணைக் காட்சிச்சாலையாக்கியதை நாங்கள் கண்டித்து எழுதினோம். சரியாகவே எழுதினோம்.

பின்னாளில் நம்மவர்களின் வான்களும் அதே இடங்களில் நின்றன. பிள்ளைகள் அதே கோணத்தில் நின்று படமெடுத்தார்கள். வேறுபாடு என்ன? நம் மனதில் துயரம் இருந்தது, அவர்கள் மனதில் பெருமிதம் இருந்தது என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மனிதரோடு ஒரு மணி நேரமாவது இருந்து பேசாமல் போன வகையில் இரண்டு வான்களும் ஒன்றுதான்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த மாத இறுதிக்குள் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் அது பரவியது. பிள்ளையின் முடிவை அறியாமலே அவர்களிற் பலர் கண்மூடிவிட்டார்கள். ஏ-9 வீதியால் போகும் ஒவ்வொரு வானும் அந்தக் கோயிலைக் கடந்துதான் போகிறது. எத்தனை வான்கள் நின்றன? நின்று, அந்தத் தாய்மாரில் ஒருவரிடம் "அம்மா, உங்கட பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று எத்தனை பேர் கேட்டார்கள்? தாய்மாரின் கையிலிருந்த படங்களில் இருந்தவர்கள், வானுக்குள் இருந்தவர்களுடைய வகுப்புத் தோழர்களாகவும் இருந்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு

வெளிநாட்டில் வாழ்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்மீது கோபம் கொள்வார்கள் என்பதை அறிவேன். அவர்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது. இரண்டு வேலை பார்த்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று வாரம் விடுப்பெடுத்து வருபவர்கள் அவர்கள். ஐந்துபேர் கொண்ட குடும்பத்தின் விமானச்சீட்டுக்குக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு வன்னி மண்ணை மிதிப்பதே வேதனை. தமையன் விழுந்த இடம் எது என்று தெரியாமல், எந்த ஒழுங்கையைப் பார்த்தாலும் நெஞ்சடைத்து, ஒரு நாளுக்கு மேல் தாங்க முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாவெழாது.

ஊரில் இருப்பவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். வருபவரைப் பணப்பையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேர்விட்டுவிட்டது. கோயிலுக்குக் கோபுரம், கழகத்துக்கு மைதானம், மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் என்று பட்டியலோடு காத்திருக்கிறோம். வந்தவர் சுகமா என்று கேட்பதற்கு முன்பே எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியில் அன்பு பாதி, கணக்குப் பாதி. கடிதவுறை கிடைக்காதவர் அடுத்த நாளே முகம் திருப்புகிறார். பேசவேண்டியதைப் பேசும் மனநிலை பிறகு எப்படி வரும்?

இது நமக்கு மட்டும் உரிய நோயல்ல. அயர்லாந்து அரசு 2013ஆம் ஆண்டில், உலகெங்கும் பரந்த ஐரிஷ் வம்சாவளியினரை ஊருக்கு அழைத்து ஆண்டு முழுவதும் விழா எடுத்தது. நடிகர் கேப்ரியல் பர்ன் அதைப் பகிரங்கமாகச் சாடினார். புலம்பெயர்ந்தவர்களிடம் பணம் கறக்கும் முயற்சியென்று அவர் சொன்னதும் பெரும் சர்ச்சை எழுந்தது. கானா நாடு 2019ஐ, அடிமை வணிகத்தில் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் திரும்பும் ஆண்டாக அறிவித்தது. அங்கும் உல்லாசப் பயண வருமானம்தான் நோக்கமென்ற விமர்சனம் உண்டு. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் கானா வேறொன்றும் செய்தது. திரும்பி வந்து வாழ்ந்தவர்களில் 126 பேருக்குக் குடியுரிமை வழங்கியது. வந்தவரை விருந்தினராக உபசரிப்பது ஒன்று. உரித்தாளராக ஏற்பது வேறு. நம் நாட்டிலோ இரட்டைக் குடியுரிமை வழங்கலே 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல்தான் மீண்டும் தொடங்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடைசெய்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ வருவதற்கும் வழி இருக்கிறது. இந்த வழிகளை எத்தனை பேர் அறிந்து வைத்திருக்கிறார்கள்? இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் செலவாகிறது என்பவர்கள், ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு எவ்வளவு செலவிட்டோம் என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும்.

நிரலைத் தலைகீழாக்குங்கள்

நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் அல்ல. அடுத்த விடுமுறையின் நிகழ்ச்சிநிரலைத் தலைகீழாக்குங்கள். கடைசி நாளுக்கு வைப்பதை முதல் வாரத்துக்கு வையுங்கள்.

வன்னிக்கு வரும் முதல் நாள் வேலைநாளாக இருக்கட்டும். போயா நாளா, வார இறுதியா என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டை எடுங்கள். பெற்றோரையும் அவர்களின் அடையாள அட்டையையும் பழைய பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பின்னுரித்தாளர் யாரென்று பதிவு செய்யுங்கள். இறந்தவரின் மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரை மூன்று விதமாக எழுதியதால் முப்பது ஆண்டு இழுபட்ட வழக்குகளை நீதிமன்றச் செய்தியாளனாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளில் முடியாது. இரண்டாம் முறை வரச்சொல்லுவார்கள். முதல் வாரத்தில் தொடங்கியவருக்கு இரண்டாம் முறை போக நாள் இருக்கும். கடைசி நாளில் தொடங்கியவருக்கு அடுத்தமுறை மட்டுந்தான் இருக்கும்.

உங்கள் வளவில் யாராவது குடியிருந்து அதைக் காத்துவந்தால், அவருடைய நிலையை முதலில் தீர்த்துவையுங்கள். வேலியைக் காத்தவருக்கு வாயால் நன்றி சொல்வது போதாது. எழுத்தில் ஏதாவது இருக்கவேண்டும். திரும்பி வரும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வருவேன் வருவேன் என்று முப்பது ஆண்டு பூட்டிவைத்த வளவுக்கு அருகே, காணியற்ற குடும்பம் குளக்கட்டின் கீழ்க் குடிசை போட்டிருப்பதை நான் பார்த்து வருகிறேன்.

ஒரு முழுப் பகல் பெரியவர்களோடு இருங்கள். கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை இயக்கி அருகில் வையுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், எந்தக் காட்டை வெட்டினார்கள், 1996இல் எங்கே ஓடினார்கள், 2009இல் எந்த ஊரில் யாரை இழந்தார்கள் என்று கேளுங்கள். பெயரும் திகதியும் இடமும் பதிவாகட்டும். முதலில் சொல்லமாட்டார்கள். சோறு சமைக்கப் போவார்கள், பேச்சை மாற்றுவார்கள். மாலையில் தாமாகச் சொல்லுவார்கள். வாசலில் வான் நின்றால் அந்த மாலை வராது. நாளை ஒரு நீதிமன்றத்திலோ ஒரு வரலாற்று நூலிலோ இந்தப் பதிவுகள் தேவைப்படும். தேவைப்படாமற் போனாலும், பேரப்பிள்ளை ஒருநாள் அந்தக் குரலைக் கேட்கும்.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்களுக்குக் கிளிநொச்சி ஓர் அந்நிய நகரம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரணைமடுக் கட்டில் மாலையில் நடக்கவிடுங்கள். சிறுபோக அறுவடை நேரமாயின் வயலில் இறக்கிவிடுங்கள். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டால் சிரிக்கட்டும். அப்பப்பாவின் கையெழுத்தைப் பிரதேச செயலகத்தில் வாங்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். ஒரு ஊர் தன்னுடையது என்ற எண்ணம் பிள்ளைக்குத் திருவிழாவில் வருவதைவிட, அந்த ஊரில் ஒரு வேலையை முடிக்கும்போது உறுதியாக வரும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது கடிதவுறைகளாகப் பிரித்துக் கொடுப்பதை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அதே தொகையில் ஒரு வீட்டுக்குக் குழாய்க்கிணறு வரும்; ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பு முடியும்; ஒரு முதியவரின் கண்சத்திரசிகிச்சை நடக்கும். பத்தொன்பது பேர் கோபிப்பார்கள். கோபித்துவிட்டுப் போகட்டும்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக வரலாறு படித்த நாட்களில் எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார், நிலத்தை இழந்த சமூகங்கள் எல்லாமே போரில் இழந்தவை அல்ல என்று. பாதி, கடதாசியில் இழந்தவை என்பார். அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வன்னியில் செய்தி சேகரித்த ஆண்டுகளில் அதன் பொருள் விளங்கியது. போரில் இழந்ததைத் திரும்பப் பெறும் வலிமை நம்மிடம் இல்லாதிருக்கலாம். கடதாசியில் இழக்காமல் இருக்க நமக்குத் தேவை, விடுமுறையில் இரண்டு வேலைநாட்கள்.

அடுத்த ஓகஸ்டிலும் வான்கள் வரும். தொண்ணூறு வயதுக்காரர்கள் சிலர் இருப்பார்கள், சிலர் இருக்கமாட்டார்கள். விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். "அப்பா, வளவின் பேமிற் யார் பெயரில இருக்கு?" என்று இப்போதே கேளுங்கள். பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் தெரியாவிட்டால், உங்கள் விடுமுறையின் முதல் நாள் எங்கே கழியவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.